பிள்ளைக்குத் தாய் இருக்கிறாள்

அயல்நாடுகளில் வாழும் தமிழ் மக்களுக்குப் பாச்சலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர், துபாய், டொரண்டோ, லண்டன், சிட்னி என்று எங்கெங்கோ வாழ்ந்தாலும், ஊரில் ஆதரவில்லாத ஒரு பிள்ளைக்காவது கைகொடுக்க வேண்டும் என்று நினைக்கிற நம் மக்களுக்கு,



பாச்சலூர் என்றால் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. ஒட்டன்சத்திரத்தில் பஸ் ஏறி, வடகாடு தாண்டி, பரப்பலாறு அணையைப் பார்த்தபடி மலைப்பாதையில் ஏறினால் வருகிற ஊர். மாவட்டம் திண்டுக்கல், தாலுகா கொடைக்கானல்தான். ஆனால் நீங்கள் சுற்றுலா வந்து படம் எடுத்துக்கொண்ட ஏரியும் பைன் காடும் இங்கிருந்து வெகுதூரம். இது காப்பியும் மிளகும் மலைவாழையும் விளைகிற கீழ்ப்பழனி மலை. தோட்டக் கூலிகளும் சிறு விவசாயிகளும் பளியர் பழங்குடிகளும் வாழ்கிற இடம். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவள் நான்.

என்னிடம் படித்தவர்களில் சிலர் இன்று கடல் கடந்து வேலை பார்க்கிறார்கள். அவர்கள் மூலமாக உங்கள் கேள்விகள் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன. தீபாவளி, கிறிஸ்துமஸ் சமயத்தில் கூடுதலாகவே வரும். "டீச்சர், உங்க மலையில அனாதைப் பிள்ளைங்க இருக்கிற ஹோம் எதுன்னு சொல்லுங்க, மாசாமாசம் பணம் அனுப்புறோம்" என்பது ஒரு வகை. இன்னொன்று குரல் தாழ்த்திக் கேட்பது: "தெரிஞ்சவங்களுக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷமாச்சு, குழந்தை இல்லை. அங்க யாராவது வளர்க்க முடியாம கஷ்டப்படுறவங்க இருந்தா சொல்லுங்களேன், நாங்க நல்லபடியா வச்சுக்குவோம்." இரண்டு கேள்விக்கும் பின்னால் இருப்பது நல்ல மனசு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகப் பதில் சொல்வதை விட்டுவிட்டு, உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நீங்கள் தேடுகிற அந்தப் பிள்ளை, யாருமே இல்லாத பிள்ளை, இந்த மலையில் மிக அரிது. அப்பா செத்துப்போன பிள்ளை உண்டு. அம்மா வேறு கல்யாணம் செய்துகொண்டு போய், பாட்டியிடம் வளர்கிற பிள்ளை உண்டு. அப்பனும் ஆத்தாளும் திருப்பூருக்கோ கேரளாவுக்கோ வேலைக்குப் போய்விட, சித்தி வீட்டில் இருக்கிற பிள்ளை உண்டு. அநேகமாக எல்லாக் குழந்தைக்கும் சொந்தம் என்று ஓர் ஆளாவது இருக்கிறார். அந்த ஆளின் கையில் காசு இல்லை. உங்கள் பணத்தால் தீர்க்கக்கூடிய பிரச்சினை இதுதான். ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் வேறு இடத்துக்குப் போய்விடுகிறது.

இங்கே ஒரு குடும்பம் எப்படி உடைகிறது என்று சொல்கிறேன். மிளகுக் கொடி சில்வர் ஓக் மரத்தில் ஏறிப் படர்ந்திருக்கும். பறிப்பவர் ஏணியைச் சாய்த்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு உயர ஏறுவார். மரம் ஈரமாக இருந்தால், ஏணி நழுவினால், அவ்வளவுதான். தேன் எடுக்கப் பாறையில் இறங்குகிற பளியருக்கும் அதே கதி. இது போக காட்டுமாடு, யானை, சாராயம், மழைநாளில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேராத நெஞ்சுவலி. செத்தவர் தோட்டக் கூலி என்றால் வீட்டுக்கு நஷ்டஈடு என்று பெரிதாக எதுவும் வராது. துக்கம் கேட்க வந்தவர்கள் போன பிறகு, முப்பது வயதுகூட ஆகாத பெண்ணும் இரண்டு மூன்று பிள்ளைகளும் வாங்கிய கடனும் மிஞ்சும்.

அவளும் மறுநாளே வேலைக்குப் போவாள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிக்கிற காலம், அப்போது கூலி தட்டாமல் கிடைக்கும். மற்ற மாதங்களில் கிடைத்தால் உண்டு. கைக்குழந்தையைத் தோட்டத்தில் சேலைத் தூளி கட்டிப் போடலாம். ஆறு வயதுப் பிள்ளையை என்ன செய்வாள்? மூத்தவள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்துக்கொள்வாள். இரண்டு வருஷம் போனால் அந்த மூத்தவளும் பழம் பறிக்கப் போவாள். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையில் காப்பியையும் வாழையையும் மிளகுக் கொடிகளைத் தாங்கிய மரங்களையும் சாய்த்துப் போட்டபோது, இப்படிப் பள்ளிப் பதிவேட்டிலிருந்து காணாமல் போன பெயர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மே மாதக் கடைசியில் கீழேயிருந்து ஒருவர் வருவார். தெரிந்தவருக்குத் தெரிந்தவராக இருப்பார். "ஹோம்ல சேர்த்து விடு, இங்கிலீஷ் மீடியம், மூணு வேளை சோறு, துணிமணி எல்லாம் அவங்களே பார்த்துக்குவாங்க" என்பார். தாய் ஒரு காகிதத்தில் கைநாட்டு வைப்பாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் அவளுக்கு வாசித்துக் காட்டுவதில்லை. "பள்ளிக்கூடம்தானே டீச்சர், லீவுக்கு வந்துருவான்ல" என்று அவள் என்னிடம் கேட்பாள். பல நேரங்களில் அந்தப் பையன் லீவுக்கு வருவதில்லை. பிறகு ஒரு நாள், வெளிநாட்டில் அச்சான மடிப்பிதழில் அவன் முகம் சிரிக்கும். கீழே அவன் அனாதை என்று எழுதியிருக்கும்.

எல்லா விடுதியும் இப்படி என்று நான் சொல்லவில்லை. அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படித்து வேலைக்குப் போனவர்கள் இங்கே இருக்கிறார்கள். கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் படித்து நர்ஸ் ஆனவர்கள் இருக்கிறார்கள். அங்கெல்லாம் பதிவேட்டில் தாயின் பெயர் இருக்கும், பரீட்சை முடிந்தால் பிள்ளை வீட்டுக்கு வரும், பொங்கலுக்கு அம்மா போய்ப் பார்ப்பாள். நான் பயப்படுவது தாயின் பெயரை அழித்துவிட்டுப் பிள்ளையை வைத்திருக்கிற இடங்களைப் பார்த்துத்தான். தாய் இருக்கிறாள் என்று தெரிந்தால் வெளிநாட்டுப் பணம் குறைந்துவிடும் என்று நினைத்து அழிக்கிறார்கள். உங்களிடம் இந்த மடலை எழுத வேண்டிய காரணமே அதுதான். அனாதைப் பிள்ளைக்குத்தான் கொடுப்போம் என்று நாம் கேட்கக் கேட்க, பிள்ளைகளை அனாதையாக்கிக் காட்டுகிறவர்கள் பெருகுகிறார்கள்.

உலகம் முழுக்க இதே நிலைமைதான். இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார் என்று சேவ் தி சில்ட்ரன் அமைப்பு 2009ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை சொன்னது. நம் பக்கத்திலேயே பாருங்கள். திருச்சியில் ஜெர்மனிப் பணத்தில் நடந்த ஓர் இல்லத்தில் உசிலம்பட்டிப் பகுதியிலிருந்து கொண்டுவந்த பெண் பிள்ளைகள் எண்பதுக்கும் மேற்பட்டோர் வளர்ந்தார்கள். வழக்கு 2015ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தது. மரபணுச் சோதனை நடந்தது. பெற்றோர் யாரென்றே தெரியாமல் வளர்ந்த பெண்களில் பலருக்கு, பஸ்ஸில் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊரில் அம்மாவும் அப்பாவும் இருந்தது அப்போதுதான் வெளியில் வந்தது.

கடல் கடந்து போன பிள்ளைகளின் கதை இன்னும் கொடியது. சென்னைப் பல்லாவரத்தில் ஓர் இல்லத்தில், வறுமை தாங்காமல், ஒரு தாய் தன் இரண்டு மகன்களைத் தங்க வைத்திருந்தார். 1979ல் அந்தப் பிள்ளைகள் டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். நாற்பது வருஷம் கழித்து, 2019ல், அந்த மகன்களில் ஒருவர் தம் தாயைச் சென்னையிலேயே கண்டுபிடித்தார். வீடியோ அழைப்பில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மகனுக்குத் தமிழ் தெரியாது, தாய்க்குத் தமிழைத் தவிர வேறு தெரியாது. அந்தச் செய்தி பத்திரிகையில் வந்தபோது எல்லோரும் மகிழ்ச்சியான முடிவு என்று எழுதினார்கள். என்னால் அப்படி நினைக்க முடியவில்லை. நாற்பது வருஷத்துக்கு முன் அந்த அம்மாவுக்கு ஒரு வாடகை அறையும் அரிசியும் வாங்கிக் கொடுக்க யாராவது இருந்திருந்தால் போதுமே என்றுதான் பட்டது.

அது வறுமையில் கைநழுவிய பிள்ளை. திருடப்பட்ட பிள்ளைகளும் உண்டு. 1999ல் சென்னைப் புளியந்தோப்பில், இரவில் பெற்றோரோடு தூங்கிக்கொண்டிருந்த ஆண் குழந்தை காணாமல் போனது. ஆறு வருஷம் கழித்து, 2005ல், சென்னைக் காவல்துறை ஒரு குழந்தைக் கடத்தல் கும்பலைப் பிடித்தபோது, கடத்தப்பட்ட குழந்தைகள் உரிமம் பெற்ற ஒரு தத்து நிறுவனத்தின் வழியாக நெதர்லாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்குப் போயிருப்பதாகத் தெரிந்தது. விசாரணை பிறகு சிபிஐக்கு மாறியது. புளியந்தோப்புப் பெற்றோர் தம் மகன் என்று நம்பிய சிறுவனுக்காக நெதர்லாந்து நீதிமன்றம் வரை போனார்கள். மரபணுச் சோதனைக்கு உத்தரவிட அந்த நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்தக் குழந்தைகளை வளர்த்த வெளிநாட்டுப் பெற்றோர் பலரும் உங்களைப் போன்றவர்கள்தாம். எல்லாம் சட்டப்படி நடந்திருக்கிறது என்று நம்பி, ஓர் ஏழைப் பிள்ளைக்கு வாழ்வு கொடுத்ததாக மனநிறைவோடு இருந்தவர்கள்.

இலங்கையிலிருந்து 1980களில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். அந்தத் தத்துகளில் பல பொய்ப் பத்திரங்களோடு நடந்தவை என்று 2017ல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி ஒன்று வெளிக்கொண்டு வந்தது. தாயாக நடிக்க ஆட்களைக் கூலிக்குப் பிடித்ததும், குழந்தைப் பண்ணை என்று சொல்லத்தக்க இடங்கள் நடந்ததும் அப்போது பேசப்பட்டன. நெதர்லாந்து அரசு அமைத்த யூஸ்ட்ரா குழு 2021 பிப்ரவரியில் கொடுத்த அறிக்கை, முறைகேடுகள் தெரிந்திருந்தும் அரசு கண்டுகொள்ளாமல் இருந்ததை ஒளிக்காமல் சொன்னது. 2024ல் அந்த நாடு வெளிநாட்டுத் தத்தையே படிப்படியாக நிறுத்த முடிவு செய்தது. சீனாவும் அதே ஆண்டு தன் பிள்ளைகளை அந்நியருக்குத் தத்துக் கொடுப்பதை நிறுத்தியது.

இனி, குரல் தாழ்த்திக் கேட்டவர்களுக்கு.

குழந்தை வேண்டும் என்ற ஏக்கம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். ஆனால் தயவுசெய்து எஸ்டேட் மேஸ்திரியிடமும் நர்ஸிடமும் டீச்சரிடமும் கேட்காதீர்கள். நீங்கள் கேட்டது தரகர் காதுக்குப் போகும்போது அது ஒரு விலையாக மாறிவிடுகிறது. 2019 ஏப்ரலில் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் குழந்தைகளை நிறத்துக்கும் எடைக்கும் ஏற்ப விலை பேசிய ஒலிப்பதிவு வெளியாகித் தமிழ்நாடே அதிர்ந்தது. அந்த வழக்கில் கொல்லிமலையில் பணியாற்றிய ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவரும் கைதானார். மலை ஏறி வந்து ஏழைத் தாயிடம் பேசி, பிள்ளையோடு இறங்கிப் போகிற வழி அது. கொல்லிமலையில் நடந்தது பழனி மலையில் நடக்காது என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? 2021ல் மதுரையில், உயிரோடு இருந்த குழந்தை கொரோனாவில் செத்துவிட்டதாகப் போலிப் பத்திரம் தயாரித்து, அதை விற்ற வழக்கும் நாம் பார்த்ததுதானே.

வழி இருக்கிறது. 1984ல் உச்ச நீதிமன்றம், லட்சுமிகாந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு, நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பில் வெளிநாட்டுத் தத்துக்கு முதன்முதலாக ஒழுங்கு வகுத்தது. அதிலிருந்துதான் காரா என்கிற மத்தியத் தத்து அமைப்பு பிறந்தது. குழந்தை முதலில் பெற்றவரிடம், இல்லையென்றால் சொந்த நாட்டில் ஒரு குடும்பத்தில், அதுவும் முடியாவிட்டால்தான் வெளிநாட்டில் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். 1993ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின் சாரமும் அதுதான், அதை இந்தியா 2003ல் ஏற்றது. இன்றைய சட்டம் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். வளர்க்க முடியாத தாய் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் வந்து ஒப்படைக்கலாம். அப்படிக் கொடுத்த பிறகும் மனம் மாறித் திரும்பப் பெற அவளுக்கு இரண்டு மாதம் அவகாசம் உண்டு. கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்றால் பெற்றோரைத் தேட வேண்டும், தேடியும் கிடைக்காவிட்டால்தான் தத்துக்கு உரியது என்று அறிவிக்க முடியும். இந்த வழியை விட்டு வெளியே பிள்ளையை விற்பதும் வாங்குவதும் ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். பெற்ற மறுநாளே கையெழுத்து வாங்கிக்கொண்டு குழந்தையோடு போகிறவர் அந்தத் தாயின் இரண்டு மாதத்தைத் திருடுகிறார். பிரசவ வலியும் பயமும் அடங்கி, ஊர்ப் பேச்சு ஓய்ந்து, ஒரு பெண் நிதானமாக யோசிக்க இரண்டு மாதமே எனக்குக் குறைவாகத்தான் தெரிகிறது.

அயல்நாட்டில் வாழும் இந்தியர்களுக்கு, உள்நாட்டில் இருப்பவர்களோடு ஒரே வரிசையில் இடம் உண்டு. ஆனால் வரிசை நீளம். 2024-25ஆம் ஆண்டில் இந்தியா முழுக்கச் சட்டப்படி நடந்த தத்துக்கள் 4,515, அவற்றில் 4,155 உள்நாட்டுக் குடும்பங்களுக்கு. காத்திருக்கும் பெற்றோரோ பல்லாயிரம். ஏன் இவ்வளவு காத்திருப்பு என்றால், எல்லோரும் கேட்பது நோயில்லாத கைக்குழந்தை. எட்டு வயதுப் பையனை, அக்கா தம்பியாக வந்த இருவரை, காது கேளாத பெண்ணை, இதயத்தில் ஓட்டையோடு பிறந்ததை யாரும் கேட்பதில்லை. அந்தப் பிள்ளைகளில் பலரை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் நம் மொழி தெரியாத வெளிநாட்டவர்கள். அவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் நீங்கள் இருக்கிறீர்களே! உங்கள் ஊர்களில் காது கேளாத பிள்ளைக்குப் பள்ளி இருக்கிறது, இதயத்துக்குச் சிகிச்சை இருக்கிறது, வீட்டில் தமிழ் இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை புது நாட்டில் முதல் இரவு பயந்து அழும்போது அதன் மொழியிலேயே பேச உங்களால் முடியும். தத்தெடுக்க நினைப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: யாரும் கேட்காத பிள்ளையைக் கேளுங்கள். காராவில் பதிவு செய்யும்போது அந்த வயதையும் அந்தக் குறையையும் ஏற்கத் தயார் என்று எழுதுங்கள். எடுத்த பிறகு, பதினெட்டு வயதில் தன் வேரைத் தேட அந்தப் பிள்ளைக்குச் சட்டம் உரிமை தருகிறது என்பதை மறக்காமல், அதன் காகிதங்கள் அத்தனையையும் பத்திரமாக வைத்திருங்கள்.

இந்த மலையில் உண்மையிலேயே வளர்க்க முடியாத நிலையில் ஒரு தாய் இருந்தால் அவளுக்கும் தரகர் தேவையில்லை. வளர்க்க முடியாத குழந்தையை அரசிடம் ஒப்படைக்க 1992ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001ல் திண்டுக்கல்லுக்கும் வந்துவிட்டது. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைத்தாலே போதும்.

இப்போது பணம் அனுப்ப நினைப்பவர்களுக்கு. நீங்கள்தான் அதிகம் பேர், உங்களிடம்தான் எனக்கு அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

அப்பாவை இழந்த பிள்ளை அம்மாவிடமே வளர்வதற்கு அரசே பணம் தருகிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய், கிராமத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000க்குள் இருக்க வேண்டும். தாயும் தந்தையும் இல்லாத, அல்லது ஒருவர் இறந்து மற்றவரால் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். திட்டம் இருந்தும் இங்குள்ள பெண்களில் பலருக்கு அது எட்டவில்லை. காரணம், காகிதம். கணவன் இறந்ததை 21 நாளுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிய வேண்டும் என்பது துக்க வீட்டில் யாருக்கு நினைவிருக்கும்? ஒரு வருஷம் தாண்டினால் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். பளியர் என்றால் சாதிச் சான்றுக்கும் அதே அலுவலகம். ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் வேறு பெயர், பிள்ளையின் பிறப்புச் சான்றில் அப்பா பெயரே இல்லை. தாலுகா அலுவலகம் கொடைக்கானலில். கே.சி.பட்டி, தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெருமாள்மலை என்று சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். இந்த உதவிக்கு விண்ணப்பிக்க வேண்டிய மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோ திண்டுக்கல்லில், அது மலைக்கு மறுபக்கம். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு நாள் கூலி போகும். "ஆபீசர் இல்லை, நாளைக்கு வா" என்ற ஒரு வார்த்தையில் அவள் முயற்சியையே விட்டுவிடுவாள். அந்த நேரம் பார்த்து வருகிறவர்தான் மே மாதத்து மனிதர். அவர் கேட்பது ஒரே ஒரு கைநாட்டு. சான்று எதுவும் வேண்டாம்.

ஆகவே அனுப்புகிற பணத்தால் பெரிய கட்டடம் கட்டாதீர்கள். கட்டடம் எழுந்தால் அதை நிரப்பப் பிள்ளைகளைத் தேட வேண்டியிருக்கும். இப்படிப்பட்ட பெண்ணோடு அலுவலகம் அலுவலகமாகப் போய்வர ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுங்கள். அவள் இழக்கிற நாள் கூலியைக் கொடுங்கள். தோட்ட வேலை நேரத்துக்கு ஏற்பக் காலை ஏழு மணிக்கே திறந்து மாலை வரை இருக்கிற குழந்தைகள் காப்பிடம் ஒன்று வந்தால், மூத்தவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். பெண் பிள்ளைகள் மேல்நிலைப் படிப்பை விடாமல் இருக்க ஒரு வேன் வேண்டும், ஏனென்றால் யானை நடமாடும் பாதையில் இருட்டில் நடந்து வரச் சொல்ல யாருக்கும் மனம் வராது. இதையெல்லாம் படம் எடுத்து முகநூலில் போட முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஒரு பிள்ளை தன் தாயோடு தூங்குவதற்கு இவைதான் தேவை.

பிள்ளைக்கு முதலில் சொந்தத்தைத் தேடுவது என்பதைச் சுனாமியின்போது நாம் ஒரு தடவை சரியாகச் செய்தோம். 2004 டிசம்பரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைத் தத்துக் கேட்டு எங்கெங்கிருந்தோ கோரிக்கைகள் குவிந்தன. தமிழ்நாடு அரசு அவசரத் தத்துக்கு இடம் கொடுக்கவில்லை. உறவினர்களைத் தேடியது, இல்லாதவர்களுக்கு நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் இல்லம் திறந்தது. நாகப்பட்டினம் அன்னை சத்யா இல்லத்தில் வளர்ந்த பெண்கள் படித்து, மணமாகிப் போனதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்த இல்லம் தேவையாக இருந்தது, ஏனென்றால் அந்தப் பிள்ளைகளுக்கு நிஜமாகவே யாரும் இல்லை.

ஏற்கெனவே ஓர் இல்லத்துக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் உடனே நிறுத்திவிட வேண்டாம், பிள்ளைகள் பட்டினி கிடப்பார்கள். கேள்வி கேளுங்கள். இளைஞர் நீதிச் சட்டத்தில் பதிவு செய்த இல்லமா? எத்தனை பிள்ளைகளுக்குத் தாயோ தந்தையோ இருக்கிறார்? அவர்கள் எப்போது கடைசியாக வந்து பார்த்தார்கள்? போன வருஷம் எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பினார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிள்ளையின் படமும் கதையும் அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள். பராமரிப்பில் இருக்கும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம் என்பது ஒரு புறம். அப்பா செத்த கதையை முகம் தெரியாதவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் சாப்பிட வேண்டும் என்று எந்தப் பிள்ளைக்கும் விதிக்கக் கூடாது. ஊருக்கு வரும்போது பிறந்த நாள் என்று கேக்கோடு இல்லத்துக்குப் போகிற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். உங்கள் பிள்ளைக்குக் கைதட்டிப் பாடுகிற அந்த நாற்பது பிள்ளைகளின் பிறந்த நாள் அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம்.

பணம் அனுப்பும் முறை பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர், ஓசிஐ அட்டை இருந்தாலும், வெளிநாட்டவராகவே கருதப்படுவார். அவர் பணத்தை 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டுமே வாங்க முடியும், அதுவும் டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில்தான். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்த அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. உங்கள் பணம் மலைக்கு வந்து சேர வேண்டுமென்றால் மலையில் நேரடியாக வேலை செய்கிற, பதிவு பெற்ற அமைப்பாகப் பார்த்துக் கொடுங்கள். அது எந்த மதத்தார் நடத்துவது என்று நான் பார்க்க மாட்டேன், நீங்களும் பார்க்க வேண்டாம்.

எனக்கு எதுவும் அனுப்ப வேண்டாம். நான் தனி ஆள், பதிவு பெற்ற அமைப்பு எதுவும் என்னிடம் இல்லை. இந்த மடலுக்குப் பதில் எழுதுகிறவர்கள் இவற்றை மட்டும் தெரிவியுங்கள்: உங்கள் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது, ஒரு பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் வரை இடையில் நிறுத்தாமல் கொடுக்க முடியுமா, இப்போது எந்த இல்லத்துக்காவது அனுப்புகிறீர்களா. ஜூனில் பள்ளி திறக்கும். அதற்கு முன், ஏப்ரல் முடிவதற்குள் பதில் வந்தால், மே மாதத்து மனிதர் வருவதற்கு முன், கணவனை இழந்த அந்தப் பெண்களின் வீட்டுக்கு நான் போய்விட முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
பாச்சலூர்